கபுறுகளிடம் பழி தீர்க்கலாமா?

 



சில மாதங்களுக்கு முன்பு, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுளோரம் நின்றிருந்தேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்து ஸலாம் சொல்லி, தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மீஸான் கற்கள் உடைந்து கிடக்கின்றன. கபுறுகள் தோண்டப்பட்டுக் குழிகளாய் வாய் திறந்து கிடக்கின்றன. "ஹஜரத், இது அஜர்பைஜான் நாட்டில் அக்தாம் என்ற ஊர். நம்மவர்களின் கபுறஸ்தான். ஆர்மீனியர்கள் செய்த வேலை" என்றார். பிறகு மற்றொரு காட்சியைக் காட்டினார். ஓர் ஆற்றங்கரைச் சரிவில் படைவீரர்கள் சம்மட்டி கொண்டு சிலுவை செதுக்கிய கற்களை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இது நம்மவர்கள் செய்தது. அவர்கள் செய்ததற்கு இது சரிதானே, ஹஜரத்?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வதானால், முதல் படத்தைக் கண்ட கொதிப்பில், "சரிதான்" என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஓதிய கிதாபுகளின் நினைவுதான் அதை அங்கே நிறுத்தியது. அன்று மாலை எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கபுறில் கிடப்பவனிடம் கேள்வி கேட்க முன்கரும் நகீரும் இருக்கிறார்கள். கடப்பாரையோடு போக உங்களை யார் அனுப்பியது என்று அந்தத் தம்பியிடம் கேளும். முதலில் உம்மிடமே கேட்டுக்கொள்ளும்" என்றார்கள்.

அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலே இக்கட்டுரை. வெளியில் செய்திகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். ஆகவே தாய்மார்களும் பெரியவர்களும் இதைப் பொறுமையுடன் படிக்கும்படி வேண்டுகிறேன்.

முதல் படம்: அக்தாம்

காக்கசஸ் மலைப் பகுதியில் கராபாக் என்ற வட்டாரம் உள்ளது. சோவியத் ஆட்சியில் அது அஜர்பைஜானின் எல்லைக்குள் இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள். அஜர்பைஜான் மக்களோ பெரும்பாலும் முஸ்லிம்கள். "இம்மண் யாருடையது?" என்ற வழக்கு 1988-ல் வெடித்தது. சோவியத் ஒன்றியம் 1991-ல் உடைந்தபின் அது முழுப் போராக மாறி, 1994 வரை நீடித்தது. இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினர். அஜர்பைஜானின் ஊர்களில் வாழ்ந்த ஆர்மீனியரும் ஓடினர். ஆர்மீனியாவில் வாழ்ந்த முஸ்லிம்களும் ஓடினர்.

அக்தாம் கராபாக்கின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஒரு நகரம். போருக்கு முன் ஏறத்தாழ 28,000 பேர் வாழ்ந்த ஊர். 1993 ஜூலையில் ஆர்மீனியப் படை அதைப் பிடித்தது. ஊரார் அத்தனை பேரும் வெளியேறினர். பிறகு கதவு, ஜன்னல், கூரை, குழாய், செங்கல் என்று ஊரே கழற்றிச் செல்லப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இரட்டை மினாரா கொண்ட ஜும்ஆப் பள்ளி மட்டும் நின்றது. அதற்குள்ளும் மாடுகளை அடைத்தார்கள்.

கபுறஸ்தான்களும் தப்பவில்லை. கராபாக்கை ஆண்ட பனாஹ் அலீ கான் அடங்கிய இமாரத் என்னும் அடக்கத்தலம் அந்நகரில் உள்ளது. அவ்வம்சத்தில் பிறந்து, 1897-ல் மௌத்தான குர்ஷீத்பானு நாதவான் என்ற கவிதாயினியும் அங்கேதான் அடங்கினார். நீருக்குத் தவித்த ஷூஷா நகருக்குத் தம் செலவில் 1873-ல் குடிநீர் கொண்டுவந்த மாதரசி அவர். அவருடைய கபுறும் அழிக்கப்பட்டது. 2020-ல் நடந்த 44 நாள் போருக்குப் பின், அவ்வாண்டு நவம்பர் 20-ல் அக்தாம் மீண்டும் அஜர்பைஜான் வசம் வந்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு பெற்றோரின் கபுறை ஸியாரத் செய்ய ஓடோடி வந்தவர்கள், எது தாயின் கபுறு, எது தந்தையின் கபுறு என்று தெரியாமல் நின்றார்கள்.

இதை அநியாயம் என்று சொல்ல நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இனி இரண்டாம் படத்தைப் பார்ப்போம்.

இரண்டாம் படம்: ஜுல்பா

அஜர்பைஜானுக்குச் சொந்தமான நக்சிவான் என்ற பகுதியில், அராஸ் ஆற்றங்கரையில் பழைய ஜுல்பா என்ற ஊர் இருந்தது. ஆற்றுக்கு அக்கரை ஈரான் நாடு. ஜுல்பாவின் ஆர்மீனியர்கள் பட்டு வணிகத்தில் பேர்போனவர்கள். ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் 1604, 1605 ஆண்டுகளில் அவ்வூரைக் காலிசெய்து, மக்களைத் தம் தலைநகராகிய இஸ்பஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர்கள் அமைத்த குடியிருப்புக்குப் புது ஜுல்பா என்று பெயர். மக்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய மூதாதையரின் கல்லறைகள் மட்டும் ஆற்றங்கரையில் தங்கிவிட்டன.

அக்கல்லறைகளில் ஆள் உயரத்துக்கும் மேலான கற்களை நட்டு, சிலுவையும் கொடிப் பின்னலும் நுட்பமாகச் செதுக்கியிருந்தார்கள். ஆட்டுக்கடா வடிவில் செய்த கற்களும் அவற்றினிடையே கிடந்தன. கடா வடிவக் கற்களை அந்த வட்டாரத்து முஸ்லிம்களும் தங்கள் பழைய கபுறுகளில் வைத்திருக்கிறார்கள். எந்த அளவுக்கு அவ்விரு சமூகமும் கலந்து வாழ்ந்தன என்பதற்கு அதுவே சான்று.

1648-ல் அவ்வழியே சென்ற ஓர் ஐரோப்பியப் பாதிரியார், அங்குப் பத்தாயிரம் கற்கள் நின்றதாக எழுதினார். பிறகு காலத்தாலும் இரயில் பாதை போட்டதாலும் குறைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐயாயிரம் அளவில் இருந்தன. 1970-களின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தபோது 2,707 கற்கள் இருந்தன.

1998 நவம்பரில் கற்களைப் பெயர்த்து இரயில் வண்டியில் ஏற்றினார்கள். யுனெஸ்கோ தலையிட்டதும் வேலை நின்றது. 2002-ல் மீண்டும் தொடங்கியது. 2005 டிசம்பரில் படைவீரர்கள் எஞ்சிய கற்களைச் சம்மட்டியால் உடைத்து லாரிகளில் அள்ளி ஆற்றோரம் கொட்டினார்கள். ஈரான் கரையில் நின்றவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். அந்தத் தம்பி காட்டிய காட்சி அதுதான். பிறகு அவ்விடம் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலாக ஆக்கப்பட்டது. அஜர்பைஜான் அரசு இதை மறுத்தது. ஆனால் வானிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த 2003-ஆம் ஆண்டுப் படத்தையும் 2009-ஆம் ஆண்டுப் படத்தையும் அமெரிக்க அறிவியலார் ஒப்பிட்டு, கல்லறைத் தோட்டம் துடைத்தெடுக்கப்பட்டதை 2010-ல் வெளியிட்டார்கள். நக்சிவான் முழுவதும் ஆராய்ந்த வேறோர் ஆய்வுக் குழு, அடையாளம் காணப்பட்ட 110 ஆர்மீனியத் தேவாலயங்கள், மடங்கள், கல்லறைத் தோட்டங்களில் 108 அடியோடு அழிக்கப்பட்டன என்று 2022-ல் அறிவித்தது. கராபாக்கில் முஸ்லிம்களின் பள்ளிகளும் அடக்கத்தலங்களும் பட்ட சேதத்தையும் அதே குழுதான் தனியாக ஆராய்ந்து வெளியிட்டது.

நம் ஊர் அரண்மனைக்காரன் தெரு

ஜுல்பா நமக்கு எங்கேயோ இருக்கும் ஊர் என்று எண்ண வேண்டாம். சென்னை மண்ணடிக்கும் பிராட்வேக்கும் போய்வரும் நம்மவர்கள் அரண்மனைக்காரன் தெருவை அறிவார்கள். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பதே மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாயிற்று. புது ஜுல்பாவிலிருந்து வணிகம் செய்ய வந்த ஆர்மீனியர்கள் குடியிருந்த தெரு அது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கான் அச்சமூகத்தவர்தான். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் சென்னையில்தான் அச்சாயிற்று.

அத்தெருவில் அவர்களுடைய தேவாலயம் உள்ளது. 1772-ல் அது எழுந்த நிலம், அதற்கு முன் அவர்களின் அடக்கத்தலமாக இருந்தது. ஒரு நாள் அச்சகத்துக்குப் போன வழியில் உள்ளே சென்று பார்த்தேன். ஆர்மீனிய எழுத்து பொறித்த கற்கள் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன. அவர்களின் சந்ததியார் இவ்வூரில் வாழ்வதாகக் காணோம். காவலாளி கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். சுற்றிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் கடை வைத்துப் பிழைக்கும் தெரு. இத்தனை தலைமுறையாக அக்கற்களை ஒருவரும் தொடவில்லை. இங்கே அடங்கியவர்களின் பாட்டன் பூட்டன்மார் கிடந்த இடம்தான் ஜுல்பா. பேரர்களின் கல்லறை அந்நிய மண்ணில் பத்திரமாக இருக்கிறது. பாட்டனாரின் கல்லறை சொந்த மண்ணில் தூளாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்தாமின் கபுறுகளுக்குப் பழி என்றால், அக்தாம் விழுந்தது 1993-ல். ஜுல்பாவில் கிடந்தவர்களோ 1605-க்கு முன் இறந்தவர்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் பிறக்கப்போகும் ஒருவன் செய்த குற்றத்துக்காக அவர்களின் கல்லறை உடைக்கப்பட்டது. இதை எந்த நீதியில் சேர்ப்பது?

ஏன் இதைச் செய்கிறார்கள்?

இறந்தவன் ஆயுதம் ஏந்துவதில்லை. பின் ஏன் அவன் கபுறின்மேல் படை செல்கிறது? காரணம் இதுதான். கபுறு ஒரு சாட்சி. "இம்மண்ணில் நாங்கள் பிறந்தோம், வாழ்ந்தோம், மௌத்தானோம்" என்று அது பேசாமல் பேசுகிறது. வீடு எரிந்தால் வேறு வீடு கட்டலாம். பட்டா தொலைந்தால் நகல் வாங்கலாம். பெயரும் ஆண்டும் பொறித்த கல்லை அழித்துவிட்டால், "நீங்கள் இங்கே இருந்ததே இல்லை" என்று சொல்லிவிடலாம். துரத்தப்பட்டவன் திரும்பிவர நினைத்தாலும், அவனை இழுக்கும் கடைசிக் கயிறு அறுந்துவிடுகிறது. ஆக, கபுறை இடிப்பது வெறும் கோபத்தின் வேலையன்று. அது ஒரு பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

இந்த அச்சம் எந்த அளவுக்குப் போயிற்று தெரியுமா? 2020 நவம்பரில், கெல்பஜார் மாவட்டத்தை அஜர்பைஜானிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆனபோது, அங்கிருந்து வெளியேறிய ஆர்மீனியரில் சிலர் தங்கள் இறந்தோரின் உடல்களையும் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். விட்டுச் சென்றால் கபுறு மிஞ்சாது என்று அவர்கள் நம்பினார்கள். முஸ்லிம்களின் கையில் இறந்தவனுக்கும் பாதுகாப்பில்லை என்று ஒரு சமூகம் நம்பும்படி ஆகிவிட்டதே! இந்த அவப்பெயர் நம் உள்ளத்தைச் சுட வேண்டாமா?

ஷரீஅத் என்ன சொல்கிறது?

மனிதனை அடக்கம் செய்யும் முறையை அல்லாஹ்வே கற்றுக்கொடுத்தான். தம் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த ஆதம் (அலை) அவர்களின் மகனுக்கு, மண்ணைக் கிளறும் காகத்தை அனுப்பி வழி காட்டியதை அல்மாயிதா அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் கூறுகிறது. அபஸ அத்தியாயத்தில், மனிதனைப் படைத்த விதத்தைச் சொல்லி வரும்போது, அவனை மரணிக்கச் செய்து கபுறில் சேர்ப்பதையும் தன் அருட்கொடைகளின் வரிசையில் வைக்கிறான். பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 70-ஆம் வசனம், ஆதமின் மக்களைத் தான் கண்ணியப்படுத்தியிருப்பதாக அறிவிக்கிறது. அங்கே குறிக்கப்படுவது ஆதமின் மக்கள் அனைவரும் என்பதைக் கவனிக்கவும்.

கபுறின்மேல் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவனின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்னும் கருத்துப்பட அவர்கள் கூறியது அபூதாவூது, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உள்ளது. அடக்கிய உடலைத் தோண்டுவது ஹறாம் என்று நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன. குளிப்பாட்டாமல் அடக்கிவிட்டது, பிறர் நிலத்தில் அவர் சம்மதமின்றி அடக்கிவிட்டது போன்ற சில நிர்ப்பந்தங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பழிவாங்குதல் என்ற ஒரு விலக்கு எந்தக் கிதாபிலும் இல்லை.

"இவை முஸ்லிமின் கபுறுக்குத்தானே?" என்று கேட்கலாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டதும், அதுவும் ஓர் ஆத்மாதானே என்று திருப்பிக் கேட்டார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை அறிவித்த ஸஹ்ல் பின் ஹுனைப் (ரலி), கைஸ் பின் ஸஅது (ரலி) இருவரும், முஸ்லிம்கள் வென்ற மண்ணாகிய காதிஸிய்யாவில் அந்நாட்டு மாற்றுமதத்தவரின் ஜனாஸாவுக்கு எழுந்து நின்றபோதுதான் இதை எடுத்துச் சொன்னார்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் மையித்துக்கு எழுந்து நின்ற காட்சி அது!

ஹனபி மத்ஹபின் துர்ருல் முக்தாரில், முஸ்லிம் ஆட்சியில் பாதுகாப்புப் பெற்று வாழ்ந்த மாற்றுமதத்தவரின் எலும்பு கபுறில் காணப்பட்டால் அதை உடைக்கலாகாது என்ற சட்டம் உள்ளது. உயிரோடிருந்தபோது அவரைத் துன்புறுத்துவது எப்படி ஹறாமோ, அதுபோல் இறந்தபின்னும் அவருக்குக் கண்ணியம் உண்டு என்பதே காரணம்.

இதைவிடவும் நேரடியான ஆதாரம் ஒன்று உண்டு. ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாபத்தில் ஹபீப் பின் மஸ்லமா (ரலி) ஆர்மீனிய நாட்டுக்குப் படை நடத்திச் சென்றார்கள். தபீல் என்ற நகரத்தாருக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில், அங்குள்ள கிறிஸ்தவர், யூதர், மஜூஸிகளின் உயிருக்கும் பொருளுக்கும் ஆலயங்களுக்கும் அபயம் அளித்தார்கள். பிறகு நஷவா என்ற ஊருக்குச் சென்று, தபீலின் உடன்படிக்கைப்படியே அதையும் சமாதானமாக வென்றார்கள் என்று பலாதுரீ இமாம் ஃபுதூஹுல் புல்தானில் எழுதுகிறார்கள். நஷவா எது தெரியுமா? இன்றைய நக்சிவானுக்கு அரபியர் இட்ட பெயர்தான் நஷவா! முதல் முதலாக இஸ்லாம் அம்மண்ணில் நுழைந்தபோது கிறிஸ்தவர்களின் ஆலயங்களுக்கு எழுத்து மூலம் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு நுழைந்தது. அந்த எழுத்துக்கு உரிய அதே மண்ணில்தான் சம்மட்டி விழுந்தது.

"அவர்கள் முதலில் செய்தார்களே!"

இதுதான் அந்தத் தம்பியின் வாதம். இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

உஹதுப் போரில் ஹழ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் புனித உடல் சிதைக்கப்பட்டது. மற்றொரு நாள் கிடைத்தால் பன்மடங்காகத் திருப்பிச் செய்வோம் என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். அப்போது அந்நஹ்ல் அத்தியாயத்தின் 126-ஆம் வசனம் வழிகாட்டியது. தண்டித்தால் அளவு மீறாதீர்கள், பொறுத்துக்கொண்டால் அதுவே மேல் என்பது அதன் கருத்து. நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையைத் தேர்ந்தார்கள். இறந்தோரின் உடலைச் சிதைக்கலாகாது என்று படைகளுக்குக் கட்டளையிட்டார்கள். பின்னர் அகழ்ப்போரில் எதிரிப்படையின் நவ்பல் என்பவன் அகழில் விழுந்து மாண்டான். அவன் உடலை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள மக்காவாசிகள் ஆள் அனுப்பினார்கள். அவ்வுடலை விற்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, பணமின்றியே எடுத்துச் செல்ல விட்டார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சியை வாகிதீ தம் மகாஸீ வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். குறைஷிகள் உஹதை நோக்கிப் படையெடுத்து வரும் வழியில் அப்வா என்ற இடத்தை அடைந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அன்னை ஆமினா அம்மையாரின் கபுறு அங்கேதான் உள்ளது. "அதைத் தோண்டி எலும்புகளை எடுத்து வைத்துக்கொள்வோம். நம் பெண்கள் பிடிபட்டால் பிணையாகக் கொடுக்கலாம்" என்ற பேச்சு எழுந்தது. அபூஸுப்யான் அறிவுடையோரைக் கலந்தார். அவர்கள், அப்பேச்சையே எடுக்க வேண்டாம், நாம் இதைச் செய்தால் நம் பகைவர்களும் நம் மையித்துகளைத் தோண்டுவார்கள் என்று தடுத்துவிட்டார்கள். சிலைகளை வணங்கிக்கொண்டு நபியைக் கொல்லப் புறப்பட்ட கூட்டம் அது. அவர்கள்கூட நிறுத்திக்கொண்ட எல்லையை, கலிமாச் சொன்னவன் தாண்டலாமா?

ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை உங்களை நீதியிலிருந்து தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் கட்டளையாகவே சொல்கிறது. ஒருவரின் பாவச் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 164-ஆம் வசனத்தின் கருத்து. அக்தாமில் கபுறைத் தோண்டியவன் யாரோ அவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது நீதி. ஜுல்பாவின் பட்டு வணிகரின் கல்லை உடைப்பது அநீதி. இரண்டும் ஒன்றாகாது.

இரண்டு சந்தேகங்கள்

கிதாபு ஓதியவர்கள் இங்கே கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள் உண்டு. அவற்றை மறைப்பது முறையன்று.

ஒன்று: மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்ட இடத்தில் இருந்த முஷ்ரிகுகளின் கபுறுகள் தோண்டப்பட்டனவே? ஆம், புகாரியில் உள்ளது. ஆனால் அந்நிலத்துக்கு உரியவர்களான பனூ நஜ்ஜார் கூட்டத்தாரிடம் விலை கேட்கப்பட்டது. அவர்கள் விலை வேண்டாம், அல்லாஹ்விடமே கூலி பெறுகிறோம் என்று மனமுவந்து கொடுத்தார்கள். அவை அவர்களுடைய நிலத்தில் இருந்த பழைய கபுறுகள். உரியவர்களின் சம்மதத்தோடு, தேவைக்காக நிலம் சீர்செய்யப்பட்டது. ஒரு சமூகத்தைத் துரத்திவிட்டு அதன் தடயத்தை அழிப்பதற்கு அதில் ஆதாரம் ஏது?

இரண்டு: உயர்ந்த கபுறைச் சமப்படுத்தும்படி ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை முஸ்லிமில் உள்ளதே? அது, கபுறை எவ்வளவு உயர்த்தலாம் என்ற சட்டம் பற்றியது. அதன் விளக்கத்தில் உலமாக்கள் விரிவாகப் பேசியுள்ளார்கள். ஆனால் எவரும் அதை வைத்து, போரில் வென்ற ஊரின் மையவாடியைத் தரைமட்டமாக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. கல்லில் சிலுவை இருந்தது என்பதும் காரணமாகாது. சிலுவை நின்ற ஆலயங்களுக்கே ஸஹாபாக்கள் அபயம் எழுதிக்கொடுத்தார்கள் என்பதை மேலே கண்டோம்.

இன்றைய உலகச் சட்டமும் இதையே சொல்கிறது. போரில் மாண்டவர்களின் கபுறுகளை மதித்து, பராமரித்து, அடையாளமிட்டு வைக்க வேண்டும் என்று 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விதித்தது. 2021 டிசம்பர் 7-ல் சர்வதேச நீதிமன்றம், ஆர்மீனியரின் ஆலயங்களும் கல்லறைத் தோட்டங்களும் சிதைக்கப்படாமல் தடுக்கவும், சிதைத்தவரைத் தண்டிக்கவும் அஜர்பைஜானுக்கு இடைக்கால உத்தரவு இட்டது. நம் ஷரீஅத் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னதை ஒரு நீதிமன்றம் முஸ்லிம் நாட்டுக்குச் சொல்ல நேர்ந்தது.

இரண்டு கிராமங்களின் ஒப்பந்தம்

இத்தனை இருளிலும் அல்லாஹுத்தஆலா ஒரு விளக்கை ஏற்றி வைத்திருக்கிறான். ஆர்மீனியாவின் வடக்கே கிஸில் ஷபாக் என்ற முஸ்லிம் கிராமம். அஜர்பைஜானில் ஷமாகி வட்டாரத்தில் கெர்கெஞ்ச் என்ற ஆர்மீனியக் கிராமம். 1989-ல், இனி இருந்த இடத்தில் இருக்க முடியாது என்று இரு ஊராருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஒருவரையொருவர் சந்தித்துப் பேசி, ஊரோடு ஊரை மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பார்த்துக் கைமாறியது. ஒன்றை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. அது கபுறஸ்தான். ஆகவே, "எங்கள் கபுறுகளை நீங்கள் பாருங்கள், உங்கள் கபுறுகளை நாங்கள் பார்க்கிறோம்" என்று உறுதி செய்துகொண்டார்கள்.

அதன்பின் போர் வந்தது. இரு பக்கமும் ஆயிரமாயிரம் பேர் மாண்டார்கள். எல்லை அடைபட்டது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் இரு கிராமங்களுக்கும் சென்று பார்த்தபோது, ஒப்பந்தம் அப்படியே நின்றது. இரு மையவாடிகளும் காக்கப்பட்டிருந்தன. அரசுகளுக்கு முடியாமற்போனதை ஏழைக் குடியானவர்கள் செய்துகாட்டினார்கள். வாக்குறுதி பற்றி மறுமையில் கேட்கப்படும் என்பதை நம்பியவர்களுக்கு இதில் படிப்பினை உண்டு.

அஜர்பைஜானிலேயே நியாயம் பேசியவரும் உண்டு. நக்சிவானில் பிறந்த அக்ரம் அய்லிஸ்லி என்ற எழுத்தாளர், ஆர்மீனியருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தம் நாவல் ஒன்றில் எழுதி 2012-ல் வெளியிட்டார். அவருடைய நூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. அரசு தந்த பட்டமும் 2013-ல் பறிக்கப்பட்டது. தம் கூட்டத்தாரின் தவற்றைச் சொன்னவனுக்கு உலகம் தரும் கூலி இதுவே. நிசாஉ அத்தியாயத்தின் 135-ஆம் வசனம், நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லச் சொல்கிறது. அந்தச் சாட்சியின் விலை என்ன என்பதை அவர் வாழ்வில் காண்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. உடைந்த கபுறின் படத்தைப் பார்த்தால், அதை அனுப்பியவர் நம்மைத் துக்கப்படச் சொல்கிறாரா, பழிக்குத் தூண்டுகிறாரா என்று முதலில் யோசிக்க வேண்டும். பழிக்குத் தூண்டுவதாயின் மேலும் பரப்பாமல் அதை நம்மோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. "நம்மவர்கள்" செய்தார்கள் என்பதற்காக ஒரு பாவம் ஹலாலாகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அக்தாமைச் சொல்லும் வாய் ஜுல்பாவையும் சொல்ல வேண்டும்.

3. நம் ஊர்க் கபுறஸ்தானுக்குப் பக்கத்தில் கிறிஸ்தவரின் கல்லறைத் தோட்டமோ இந்துக்களின் இடுகாடோ இருந்தால், அதன் வேலிக்கும் நம்மால் குறை வரக்கூடாது. குப்பை கொட்டுவது, ஆடு மாடு மேயவிடுவது, எல்லைக் கல்லை நகர்த்துவது ஆகியவற்றை ஜமாஅத்தார் கண்காணிக்க வேண்டும். ஜுல்பாவில் நடந்ததன் வித்து இத்தகைய சிறு அலட்சியத்தில்தான் இருக்கிறது.

4. நம் கபுறஸ்தானின் நில ஆவணங்களையும் அடக்கப் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். கல் அழிந்தாலும் ஏடு சாட்சி சொல்லும்.

5. ஸியாரத்துக்குச் செல்லும்போது, தம் பெற்றோரின் கபுறு இருந்த இடமே தெரியாமல் நிற்கும் மக்களையும் நினைத்து, அல்லாஹ் அவர்களின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும்படி துஆச் செய்ய வேண்டும்.

அடுத்த ஜும்ஆவில் அந்தத் தம்பி வந்தார். உஸ்தாத் கேட்கச் சொன்னதை அப்படியே கேட்டேன். அவர் வெகுநேரம் தலை குனிந்து நின்றார். பிறகு, "யாரும் அனுப்பவில்லை, ஹஜரத்" என்றார்.

நாளை நாமும் ஒரு பிடி மண்ணுக்குள் போகிறவர்கள்தாம். நம் கபுறுக்குக் காவல் நிற்க நாம் இருக்கமாட்டோம். பிறர் நெஞ்சில் உள்ள இறையச்சமே அதற்குக் காவல். நாம் பிறருக்குக் காட்டும் கண்ணியத்தை நமக்கும் நம் முன்னோருக்கும் பாதுகாப்பாக அல்லாஹுத்தஆலா ஆக்குவானாக! பகையிலும் நீதி தவறாத கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததிகளையும் சேர்ப்பானாக! நம் கபுறுகளைச் சுவனப் பூங்காவாக ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.